நினைவுக்கற்களைப் பழுதாக்காமல் துப்புரவு செய்தல்: கல்லும் கறையும் குறித்த வழிகாட்டி

வடக்கு, கிழக்கில் போரில் உறவுகளை இழந்த பல குடும்பங்களுக்கு, இறந்தவரின் பெயர் பொறித்த ஒரு கல் மட்டுமே எஞ்சியிருக்கிறது. சிலருக்கு உடல் கிடைக்கவில்லை. சிலருக்கு இடப்பெயர்வுகளின்போது வீட்டிலிருந்த படங்களும் பத்திரங்களும் தொலைந்துபோயின. இந்த நிலையில், அந்தக் கல்லில் உள்ள பெயரும் திகதியும் தொடர்ந்து வாசிக்கக்கூடியவையாக இருப்பது சிறிய விடயமல்ல.

மே 18, நவம்பர் 27, ஆழிப்பேரலை நினைவு நாளான டிசம்பர் 26, ஆண்டுத் திவசம், கத்தோலிக்கரின் இறந்தோர் நினைவு நாள் ஆகியவற்றுக்கு முந்திய நாட்களில் இக்கற்கள் அவசர அவசரமாகத் தேய்த்துக் கழுவப்படுகின்றன. மழையும் வெயிலும் பல ஆண்டுகளில் செய்யாத சேதத்தை, ஒரு போத்தல் அமிலமும் ஒரு கம்பித் தூரிகையும் அரை மணி நேரத்தில் செய்துவிடும். கல் அன்று பளிச்சென்று தெரியும். ஆனால் எழுத்தின் விளிம்பு கரைந்திருக்கும், மேற்பரப்பு சொரசொரப்பாகியிருக்கும், அடுத்த மழைக்குப் பாசி முன்னரைவிட வேகமாகப் பிடிக்கும்.

கல்லின் வகை, கறையின் வகை இரண்டையும் அறிந்து, செலவு குறைந்த முறையில் அதைப் பேணுவது எப்படி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் கல்லின் வகையை அறிதல்

எமது பகுதிகளில் இன்று பரவலாகக் காணப்படுவது, பெயரும் படமும் பொறிக்கப்பட்ட பளபளப்பான கறுப்புக் கற்பலகை. கடைகளில் இதைக் கிரனைட் என்றே சொல்வார்கள். இது கடினமானது, அமிலத்தை ஓரளவு தாங்கும், ஆனால் எண்ணெயை உறிஞ்சும்.

இரண்டாவது, மாபிள் எனப்படும் சலவைக்கல். பழைய கிறிஸ்தவ சேமக்காலைகளில் உள்ள வெள்ளைச் சிலுவைகளும் பெயர்ப்பலகைகளும் பெரும்பாலும் இவ்வகையே. மூன்றாவது, சுண்ணாம்புக்கல்லும் முருகைக்கல்லும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலமே சுண்ணாம்புக்கல்லால் ஆனது. யாழ்ப்பாணக் கோட்டையின் சுவர்களில் முருகைக்கல்லைக் காணலாம். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை கல்சியம் காபனேற்று. அமிலம் பட்டால் இது காபனீரொட்சைட்டு வாயுவாக நுரைத்துக் கரைந்துவிடும்.

சீமெந்தால் கட்டப்பட்ட கல்லறைகளும் நடுகற்களும் இயற்கைக் கற்கள் அல்ல. ஆனாலும் சீமெந்தையும் அமிலம் அரிக்கும் என்பதால், துப்புரவைப் பொறுத்தவரை அவற்றைச் சுண்ணாம்புக்கல் போலவே நடத்த வேண்டும்.

உங்கள் கல் எது என்று தெரியாவிட்டால், பின்புறத்திலோ அடியிலோ கண்ணில் படாத ஓரிடத்தில் இரண்டு சோதனைகளைச் செய்து பார்க்கலாம். கத்தி நுனியால் மெதுவாகக் கீறினால் சலவைக்கல்லிலும் சுண்ணாம்புக்கல்லிலும் கீறல் விழும், கிரனைட்டில் விழாது. ஒரு துளி வினாகிரி விட்டால் முதல் வகையில் சிறு குமிழிகள் எழும். பார்த்தவுடன் அந்த இடத்தைத் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிடுங்கள்.

மூன்றாவது சோதனைக்குத் தண்ணீர் போதும். கல்லின் மேல் ஒரு துளி தண்ணீரை விட்டுச் சில நிமிடங்கள் பொறுத்துப் பாருங்கள். அந்த இடம் கறுத்துத் தெரிந்தால் கல் உறிஞ்சும் தன்மை உடையது. எண்ணெயும் மஞ்சளும் அதற்குள் அதே வழியால்தான் இறங்கும்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன்

முதல் வேலை படமெடுப்பது. கல்லின் முன்பக்கம், பின்பக்கம், எழுத்துகள், உடைவுகள், அது நிற்கும் இடம் எல்லாவற்றையும் கைத்தொலைபேசியால் எடுத்து வையுங்கள். பொறித்திருப்பதை உள்ளது உள்ளபடியே, எழுத்துப் பிழை இருந்தால் அதையும் மாற்றாமல், ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கல்லை யாராவது வேண்டுமென்று சேதப்படுத்தியிருந்தாலோ அதன் மேல் வர்ணம் பூசியிருந்தாலோ, துடைப்பதற்கு முன் எடுத்த படம்தான் பின்னர் முறைப்பாட்டுக்கு ஆதாரமாகும்.

மங்கிய எழுத்தை வாசிப்பதற்காகக் கரியோ சோக்கோ மாவோ பூசாதீர்கள். மாலை மங்கிய பின் ரோச் விளக்கைக் கல்லின் பக்கவாட்டில் பிடித்து ஒளியைச் சரிவாக விழச் செய்தால், பகலில் தெரியாத எழுத்தும் நிழலால் தெரியும். பகலில் என்றால் ஒரு முகக்கண்ணாடியால் வெயிலைச் சரிவாகத் திருப்பலாம்.

இரண்டாவது, கல் உறுதியாக நிற்கிறதா என்று பாருங்கள். ஆடும் கல்லைத் தேய்க்கக் கூடாது. மேலே சிறு துகள்களாக உதிர்கிறது என்றால் அதற்குத் தண்ணீரும் வேண்டாம், தூரிகையும் வேண்டாம். நிழலும் கூரையுமே அதற்குத் தேவை.

மூன்றாவது, சுற்றுப்புறம். நீண்டகாலம் பாவனையில் இல்லாத காணியில் பற்றையை வெட்டும்போதும் மண்ணைக் கிளறும்போதும் வெடிக்காத பொருட்கள் இருக்கலாம். சந்தேகத்துக்குரிய எதையும் தொடாமல், வந்த வழியே திரும்பிச் சென்று பொலிஸாருக்கோ அப்பகுதியில் வேலை செய்யும் கண்ணிவெடி அகற்றும் குழுவினருக்கோ அறிவியுங்கள். பற்றைக்குத் தீ வைப்பதை முற்றாகத் தவிருங்கள். மண்ணுக்குள் வெடிபொருள் இருந்தால் அது உயிராபத்து. இல்லாவிட்டாலும் நெருப்பின் சூட்டில் கல் வெடித்துச் சில்லுகளாகக் கழரும்.

நிலத்தைத் தோண்டும்போது மனித எச்சங்கள் தென்பட்டால் அதே இடத்தில் வேலையை நிறுத்திவிட வேண்டும். 2023இல் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோதும், 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலையின்போதும் இவ்வாறே எச்சங்கள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் அகழப்பட வேண்டியவை அவை. எங்கள் கை பட்டால் சான்று கலைந்துவிடும்.

எல்லாக் கல்லுக்கும் பொதுவான துப்புரவு

கண்டி, திருகோணமலை ஆகிய இடங்களில் உள்ள உலகப் போர்க் கால மயானங்களைப் பராமரிக்கும் பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு, பிரித்தானியாவில் கல்லறைக் கற்களைத் துப்புரவு செய்யும் தொண்டர்களுக்குத் தண்ணீரையும் மென்மையான தூரிகையையும் மட்டுமே பாவிக்கச் சொல்கிறது. பெரும்பாலான அழுக்குக்கு இவ்வளவே போதும்.

காலை வேளையில், கல் சூடேறுவதற்கு முன் தொடங்குங்கள். முதலில் உலர்ந்த மென்தூரிகையால் மண்ணையும் தூசியையும் தட்டுங்கள். மணலோடு சேர்த்துத் தேய்த்தால் ஒவ்வொரு மணலும் ஒரு கீறல் போடும். பின்னர் கல்லை நன்றாக நனைத்து, நைலோன் அல்லது நார்த் தூரிகையால் கீழிருந்து மேலாகச் சிறு வட்டங்களாகத் தேய்த்து, இடையிடையே தண்ணீர் விடுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் கீழே உலர்ந்த கல்லில் கோடு கோடாக இறங்கிக் கறையாகும். எழுத்துக் குழிகளுக்குப் பழைய பற்தூரிகையும் பஞ்சு சுற்றிய ஈர்க்கும் உதவும்.

தண்ணீரால் போகாத அழுக்குக்கு, ஒரு வாளி தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலக்கலாம். கட்டிச் சவர்க்காரம் வேண்டாம். குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்பு கலந்த வன்னீர் என்பதால், சவர்க்காரம் அதனோடு சேர்ந்து வெள்ளைப் படிவாகக் கல்லில் ஒட்டும். கடைசி அலசலுக்கு மழைநீர் கிடைத்தால் நல்லது. கிணற்று நீர்தான் என்றால் உடனே பழைய பருத்தித் துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

கறைக்கேற்ற வழி

*பாசியும் இலைக்கனும்:* பச்சைப் பாசி தண்ணீருக்கும் தூரிகைக்கும் போகும். சாம்பல், வெள்ளை, செம்மஞ்சள் வட்டங்களாகப் படரும் இலைக்கன் கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கிப் பிடித்திருக்கும். உலர்ந்த நிலையில் உரித்தால் கல்லின் துகளும் சேர்ந்து வரும். நனைத்த துணியால் சில மணி நேரம் மூடி ஊறவிட்டு, மூங்கில் அல்லது மரச் சீவலால் மெல்ல வழியுங்கள். ஒரே நாளில் முழுவதும் போக வேண்டியதில்லை. பென்சல்கோனியம் குளோரைட்டு அடங்கிய, வேறு மணமோ நிறமோ சேர்க்காத கிருமிநீக்கியைச் சிட்டையில் உள்ள அளவுக்கு ஐதாக்கித் தெளித்தால், மிஞ்சியது அடுத்து வரும் வாரங்களில் இறந்து உதிரும்.

*விளக்கெண்ணெயும் கரியும்:* எமது நினைவுக்கற்களில் அதிகம் காணப்படும் கறை இதுதான். மேலே உள்ள பிசுக்கைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் எடுக்கலாம். கல்லுக்குள் இறங்கிய எண்ணெய் தேய்ப்பதால் வெளியே வராது. அதற்குக் கீழே சொல்லப்படும் பற்று முறை தேவை.

*மெழுகு:* சுடுநீர் ஊற்றினால் மெழுகு உருகிக் கல்லுக்குள் போகும். ஐஸ் கட்டியைப் பொலித்தீன் பையில் இட்டு மேலே வைத்து, மெழுகு இறுகியதும் மரச் சீவலால் பெயர்த்தெடுங்கள்.

*மஞ்சள், குங்குமம், பூச்சாறு:* மஞ்சளின் நிறம் வெயிலில் தானாக மங்கும். கழுவிவிட்டுச் சில வாரங்கள் பொறுத்திருங்கள். மழையில் நனைந்து அழுகிய பூவும் இலையும் விடும் கபில நிறக் கறை வெளிர் நிறக் கல்லில் நிலைத்துவிட்டால், மருந்தகங்களில் கிடைக்கும் ஐதரசன் பேரொட்சைட்டைக் கொண்டு பற்றுப் போடலாம். கறுப்புக் கல்லில் இதைப் பாவிக்க வேண்டாம், நிறம் வெளிறக்கூடும்.

*வெள்ளை உப்பு:* நிலத்து ஈரம் கல்லினூடாக ஏறி உலரும்போது உப்பு வெளியே பூக்கும். கரையோரங்களில் கடற்காற்றாலும் இது வரும். தண்ணீர் ஊற்றினால் உப்புக் கரைந்து மீண்டும் உள்ளே போகும். உலர்ந்த தூரிகையால் தட்டி, விழும் உப்பைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள். கல்லின் அடியில் தண்ணீர் தேங்காதபடி செய்வதே இதற்கு நிரந்தரத் தீர்வு.

*வன்னீர்ப் படிவும் சீமெந்துத் தெறிப்பும்:* பளபளப்பான கிரனைட்டில், கல்லை நனைத்து வைத்துக்கொண்டு புதிய சவர அலகைச் சாய்வாகப் பிடித்து மெதுவாகச் சீவலாம். சலவைக்கல்லில் அலகு கூடாது, மரச் சீவல் மட்டுமே. புதிதாகக் கல் பதிக்கும் நாளிலேயே தெறித்த சீமெந்தை ஈரத் துணியால் துடைக்கும்படி மேசனிடம் சொல்லிவிடுவது மேல்.

*துரு:* இரும்புக் கம்பி, ஆணி, தகர விளக்கு, பூச்சாடி ஆகியவற்றிலிருந்து வரும். முதலில் அந்த இரும்பை அகற்றாமல் கறையை அகற்றிப் பயனில்லை. கடையில் விற்கும் துருநீக்கிகள் சிலவற்றில் ஐதரோபுளோரிக் அமிலமோ அதைச் சார்ந்த உப்புகளோ இருக்கும். அவை கிரனைட்டையே அரிக்கும், மனிதத் தோலுக்கும் மிகவும் ஆபத்தானவை. சலவைக்கல்லில் ஆழமாக இறங்கிய துருவை வீட்டில் எடுக்க முயலாமல் அப்படியே விடுவதே பாதுகாப்பு.

கல்லுக்குப் பற்றுப் போடுதல்

வீக்கத்துக்குப் பற்றுப் போடுவது போலத்தான் இதுவும். ஈரமான களி, உலர்ந்துகொண்டு வரும்போது கல்லுக்குள் இருக்கும் கறையைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும்.

இதற்கு வெள்ளைக் களிமண் நல்லது. தெற்கில் பொரலஸ்கமுவ, மீட்டியாகொட போன்ற இடங்களில் அகழப்படும் கயோலின் இதுவே. அது கிடைக்காவிட்டால் அச்சோ நிறமோ இல்லாத வெள்ளைக் கடதாசித் துவாலையைக் கிழித்துக் கூழாக்கலாம். செம்மண்ணும் சாதாரணக் களிமண்ணும் கூடாது, அவற்றில் உள்ள இரும்பு புதிய கறையை உண்டாக்கும்.

எண்ணெய்க் கறைக்கு அப்பச்சோடாவையும் தண்ணீரையும் அந்தக் களியோடு சேர்த்துத் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து, முதலில் மறைவான இடத்தில் பரீட்சித்துப் பாருங்கள். பின் கல்லை நனைத்து, கறையின் விளிம்புக்கு வெளியே ஒரு விரல் அகலம் வரை, 6 முதல் 10 மில்லிமீற்றர் தடிப்பில் பூசுங்கள். மேலே பொலித்தீனை விரித்து ஓரங்களை ஒட்டி 24 முதல் 48 மணி நேரம் விடுங்கள். அதன் பின் பொலித்தீனை எடுத்துவிட்டுப் பற்று முழுமையாக உலரும்வரை காத்திருங்கள். கறை வெளியே வருவது இந்த உலரும் கட்டத்தில்தான். உலர்ந்ததை மரச் சீவலால் எடுத்து, கழுவி, கல் காய்ந்த பின் பாருங்கள். பழைய எண்ணெய்க்கு மூன்று, நான்கு தடவைகள் தேவைப்படலாம்.

அப்பச்சோடாவுக்குப் போகாத எண்ணெய்க்கு, தண்ணீருக்குப் பதிலாக அசிற்றோனைப் பாவிப்பதுண்டு. அது மிக விரைவாகத் தீப்பற்றும். விளக்கோ சுருட்டோ எரியும் இடத்தில் அதன் போத்தலைத் திறக்கக் கூடாது. அது எழுத்துக்குள் பூசிய பொன்னிற, வெள்ளை வர்ணத்தையும் கரைத்துவிடும் என்பதால், எழுத்து இல்லாத பகுதிக்கு மட்டுமே ஏற்றது.

செய்யக் கூடாதவை

பித்தளைக் குத்துவிளக்கைப் புளியும் தேசிக்காயும் சாம்பலும் போட்டு மினுக்குவது எங்கள் வீடுகளில் வழக்கம். அதே கையோடு கல்லையும் தேய்ப்பவர்கள் உண்டு. புளியும் தேசிக்காயும் அமிலம், சாம்பல் உராய்வுப் பொருள். சலவைக்கல்லின் பளபளப்பு இவற்றால் நிரந்தரமாகப் போய்விடும். மலசலகூடம் கழுவும் திரவங்களில் பெரும்பாலும் இருப்பது ஐதரோகுளோரிக் அமிலம். அதைக் கல்லறைக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளும் வெளிற்றும் திரவங்களும் பாசியை உடனே வெண்மையாக்கும், ஆனால் கல்லுக்குள் உப்பை விட்டுச் செல்லும். அந்த உப்பு உலரும்போது கல்லை உள்ளிருந்து உதிர்க்கும். அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையின் பாதுகாப்புப் பயிற்சி நிலையமும் கல்லறைக் கற்களுக்கு இவற்றைத் தவிர்க்கும்படி அறிவுறுத்துகிறது. இவற்றை அமிலத்தோடு கலந்தால் நச்சுக் குளோரின் வாயு வெளிவரும்.

கம்பித் தூரிகை, அரத்தாள், கிறைண்டர், உயர் அழுத்த நீர்ப்பம்பி ஆகிய நான்கும் கூடாது. பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெயோ வாகன எண்ணெயோ பூசுவதும் வேண்டாம். சில நாட்களில் அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், மழைக்காலத்தில் பூஞ்சணத்துக்கு உணவாகும். வார்னிஷ் பூசினால் நிலத்து ஈரம் வெளியேற வழியின்றி மேற்பரப்பு உரியும்.

கறை அல்லாதவை

சலவைக்கல்லில் காணப்படும் மங்கலான திட்டுகள் பல, கறைகளல்ல. முன்னர் எப்போதோ பட்ட அமிலம் மேற்பரப்பை அரித்த தடங்கள் அவை. எவ்வளவு கழுவினாலும் போகா. வைரத் துகள் பதித்த தட்டுகளால் கரட்டிலிருந்து மென்மை வரை படிப்படியாக மெருகேற்றித்தான் அவற்றை நீக்க முடியும். ஆனால் மெருகேற்றும் ஒவ்வொரு தடவையும் கல்லின் ஒரு மெல்லிய படை போகிறது, அதனோடு எழுத்தின் ஆழமும் குறைகிறது. வீட்டுத் தளத்துக்கு இது பொருந்தும். பெயர் பொறித்த கல்லுக்கு, எழுத்துள்ள பக்கத்தில் மெருகேற்ற வேண்டாம் என்பதே பொது விதி.

செல் சிதறல் பட்ட குழிகளும் துப்பாக்கிச் சன்னத்தின் அடையாளங்களும் இதே வகைக்குள் வரும். அவற்றைச் சீமெந்தால் நிரப்பிப் பூசி, கல்லைப் புதிதாகக் காட்டச் சிலர் விரும்புவதுண்டு. அந்தக் கல் எங்கே நின்றது, அதற்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லும் சான்று அந்தக் குழிகளில்தான் இருக்கிறது. உள்ளே தண்ணீர் தேங்கி வெடிப்புப் பெருகும் நிலை இல்லாவிட்டால் அவற்றை அப்படியே விட்டுவிடலாம். மாற்ற வேண்டுமா என்பதைக் குடும்பத்தார் அனைவரும் பேசி முடிவெடுப்பதே முறை, துப்புரவு செய்ய வந்தவர் அல்ல.

உடைந்த கற்கள்

2009க்குப் பின் துயிலுமில்லங்கள் இடித்தழிக்கப்பட்டன. 2016 முதல் மக்கள் அந்த இடங்கள் சிலவற்றைத் துப்புரவாக்கியபோது, சிதைந்த கல்லறைத் துண்டுகளைப் பொறுக்கி ஒன்றாகக் குவித்து வைத்தனர். வீட்டு வளவுகளிலும் தேவாலய வளவுகளிலும்கூட இவ்வாறு துண்டுகள் பேணப்படுகின்றன.

ஒரெழுத்து இருந்தாலும் அந்தத் துண்டைத் தனியே எடுத்து வையுங்கள். மண்ணில் நேரே வைக்காமல், மரப்பலகையின் மேல், எழுத்து மேலே தெரிய, கூரைக்குக் கீழ் வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம். இலக்கத்தைக் கல்லில் வர்ணத்தால் எழுதாமல், நூலில் கட்டிய அட்டையில் எழுதி, எடுத்த இடத்தையும் குறியுங்கள்.

உடைந்த விளிம்புகளைத் தேய்க்கவோ சமப்படுத்தவோ கூடாது. ஒரு துண்டு மற்றத் துண்டோடு பொருந்துமா என்பதை அந்த விளிம்பே காட்டும். சீமெந்து வைத்து ஒட்டினால் பின்னர் பிரிக்க முடியாது. ஒட்டுவதாயின் கல்லுக்கான எபொக்சிப் பசையும், தேவைப்பட்டால் துருப்பிடிக்காத உருக்குக் கம்பியும் பாவிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். சாதாரண இரும்புக் கம்பி உள்ளே துருவேறிப் பருத்து, கல்லை மீண்டும் பிளக்கும்.

எப்போது செய்வது?

நவம்பர் வடகீழ் மழைக்காலம். அந்த மாதத்தில் பற்று உலராது, பாசியும் கழுவக் கழுவ வளரும். ஆகவே கறை நீக்கும் வேலையை ஆவணி, புரட்டாதி மாதங்களில் முடித்துவிட்டு, நினைவு நாளுக்கு முன் தண்ணீரால் மட்டும் கழுவுங்கள். மே மாத நிகழ்வுக்கு, மாசி, பங்குனி பொருத்தமான காலம்.

விளக்கையும் மெழுகுதிரியையும் கல்லின் மேல் நேரே வைக்காமல், மணல் பரப்பிய மண் தட்டில் வையுங்கள். கற்பூரத்துக்கும் அப்படியே, அதன் சூடு கல்லின் மேற்படையைப் பெயர்க்கும். நிகழ்வு முடிந்து இரண்டு நாட்களுக்குள் பூக்களை அகற்றுங்கள். இந்த மூன்றையும் கடைப்பிடித்தால் அடுத்த ஆண்டுக்கான வேலையில் பாதி குறைந்துவிடும்.

கல்லில் இருந்து எடுத்த படங்களையும் எழுதிய தாளையும் ஒருவர் கையில் மட்டும் வைத்திருக்க வேண்டாம். ஊரில் ஒருவரிடமும் வெளிநாட்டில் உள்ள உறவினர் ஒருவரிடமும் பிரதிகள் இருக்கட்டும். கல் மீண்டும் உடைந்தாலும், அதில் யாருடைய பெயர் எந்த எழுத்துகளில் இருந்தது என்பதை அந்தப் பிரதியைப் பார்த்து மறுபடியும் பொறிக்கலாம்.